பாலையில் மூன்றாவது ஆள்

வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்களைப் பற்றி எந்தக் கதை வந்தாலும் நம் விமர்சகர்கள் கையில் ஒரு திணை தயாராக இருக்கிறது: பாலை. பொருள்வயிற் பிரிவு, காத்திருக்கும் மனைவி, சுடுமணல். வளைகுடாவில் மணலும் நிஜமாகவே கிடைத்துவிடுவதால் பொருத்தம் பிரமாதமாக அமைந்துபோகிறது. எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் இந்தப் பொருத்தம் பார்க்கிற வேலை எனக்கும் தெரியும். இந்த வாசிப்பு எதை மறைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பாலைப் பாட்டில் போகிறவன் தலைவன். போவது அவன் முடிவு. கார்காலத்தில் திரும்புவேன் என்ற வாக்கும் அவனுடையது. வழியில் ஆறலைகள்வர் உண்டு, யானை உண்டு, வெயில் உண்டு. அவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்கிற மூன்றாவது ஆள் கிடையாது. வளைகுடாக் கதையிலோ அந்த ஆள்தான் மையம். கஃபாலா முறையில் ஒருவன் அந்நாட்டில் இருப்பதற்கான அனுமதியே கஃபீல் எனப்படும் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலையை விட்டு வெளியேறினால் ‘ஓடிப்போனவன்’ என்று முதலாளி புகார் கொடுக்கலாம். சவூதியில் அதற்கு ‘ஹுரூப்’ என்று பெயர். மாதக்கணக்கில் சம்பளம் வரலீங்க என்பதெல்லாம் அப்புறம் நிரூபிக்க வேண்டிய சங்கதி.

பென்யாமினின் ‘ஆடு ஜீவிதம்’ 2008இல் மலையாளத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது, 2024இல் படமும் ஆயிற்று. மன உறுதி, தனிமை, இறைநம்பிக்கை என்று அதைப் படித்து முடித்துவிடுகிறோம். பிரதியின் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. ரியாத் விமான நிலையத்தில் தன்னைக் கூட்டிப்போகிறவனைத் தன் அர்பாப் என்று நம்பி நஜீப் ஏறிப் போகிறான். ஆண்டுக்கணக்கில் ஆடுகளோடு கிடக்கிறான். தப்பிச் சிறைக்கு வந்தபின், ஓடிப்போனவர்களை அடையாளம் காட்ட முதலாளிகள் வருகிறார்கள். அந்த அர்பாபும் வருகிறான், நஜீபைப் பார்க்கிறான், விட்டுவிட்டுப் போகிறான். ஏன்? நஜீப் அவனுடைய விசாவில் வந்தவனில்லை. வந்திருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பான்.

இதை நிதானமாகப் படிக்க வேண்டும். காகிதம் சரியாக இருந்திருந்தால் சட்டமே அவனை மறுபடி மசறாவுக்கு அனுப்பியிருக்கும். கடத்தப்பட்டவன் என்பதால் தப்பித்தான். ஆக, கொடுமை ஒரு அர்பாபின் குணக்கேட்டோடு முடிகிற விஷயமில்லை. 2021இல் சவூதி கொண்டுவந்த சீர்திருத்தம், ஓராண்டுக்குப் பின் முதலாளி சம்மதமின்றி வேலை மாறலாம் என்றது. அதிலிருந்து விலக்கப்பட்டவர்களில் வீட்டு வேலையாட்களும் ஆடு மேய்ப்பவர்களும் உண்டு.

வீட்டு வேலைக்குப் போகிறவர்களில் பெண்ணும் உண்டு. பெண்ணோடு கடல் கடப்பது வழக்கமில்லை என்பது தொல்காப்பிய மரபு. நம் திணைச் சட்டகத்துக்குள்ளும் அவளுக்கு இடமில்லை. புதுமைப்பித்தன் 1935லேயே ‘துன்பக்கேணி’யில் மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிக் கதை எழுதிவிட்டார். அந்தத் தோட்டங்களில் 1921வரை ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது: கடனைக் கட்டினால் கங்காணியையும் ஆட்களையும் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது. கங்காணிக்கும் கஃபீலுக்கும் நடுவே எத்தனை தூரம்?

அரபிகளை மட்டும் திட்டிவிட்டு நாம் நகர முடியாது. 1983ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி வேண்டும். படித்தவன் அமெரிக்கப் பிரஜையாகி இந்தியக் குடியுரிமையை இழந்தாலும், 2005 முதல் ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்’ என்ற அட்டை உண்டு; ஓட்டு இல்லை. முப்பது வருஷம் துபாயில் கொத்து வேலை பார்த்தவன் அங்கே கடைசிவரை அந்நியன். 2010 சட்டத்திருத்தத்தால் இங்கே அவனுக்கு ஓட்டு உண்டு. போட ஊருக்கு வரணும். வர லீவு கிடைக்கணும்.

இந்த இருவரையும் ‘புலம்பெயர்ந்தோர்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு, இருவருக்கும் பொதுவாக ஊர் ஏக்கம் என்ற ஒன்றைக் கண்டுபிடிப்பது விமர்சனமல்ல, வர்க்கத்தை அழிக்கிற வேலை. இனி ஒரு அயல்வாழ்வுக் கதையைக் கையில் எடுத்தால், அவன் எதை நினைத்து அழுதான் என்பதற்கு முன்னால் கேளுங்கள்: அவன் காகிதம் யார் கையில் இருக்கிறது?