செலவழுங்கலும் பிள்ளைகளும்

சங்கப் பாடல்களின் பாலைத்திணையில் 'செலவழுங்கல்' என்றொரு துறை உண்டு. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் துயர் கண்டு தன் பயணத்தை நிறுத்திவைப்பதே அது. அவன் போகாமலே இருந்துவிடுவான் என்பது அதன் பொருள் அன்று. அவளைத் தேற்றிய பின்னர்ப் போவான் என்று இலக்கண நூல் விளக்கம் தருகிறது. போவதா, இருப்பதா என்று ஒரு வீடு தத்தளிக்கும் வேளைக்குத் தனிப்பெயர் சூட்டிவைத்த மொழி நம்முடையது.

அந்தத் தத்தளிப்பு இன்று நம் சமுதாயத்தில் புது உருக் கொண்டிருக்கிறது. மனைவி மக்களோடு வளைகுடா நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் ஊர் திரும்புகிறார். பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியில் சேர்கிறார்கள். கையிருப்புக் கரைகிறது, தொடங்கிய வியாபாரம் எடுபடவில்லை, பழைய இடத்திலிருந்து மீண்டும் அழைப்பு வருகிறது. பிள்ளைகளின் படிப்பை இடையில் நிறுத்தி மறுபடியும் அவர்களை அழைத்துச் செல்வதா? இக்கேள்வியை நம் இலக்கியம் எந்த அளவுக்கு எதிர்கொண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பது நலம்.

அகநானூற்றின் ஐந்தாம் பாட்டு, செலவழுங்கல் பாடல்களுள் தலைசிறந்த ஒன்று. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. கணவன் பிரியப் போவதை உணர்ந்த தலைவி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தன் புதல்வனை அணைத்து, அவன் தலையில் சூடிய மலரை மோந்து பெருமூச்செறிகிறாள். அந்த மூச்சின் வெம்மையில் மலர் நிறம் இழக்கிறது. அதைக் கண்ட தலைவனின் மனம் மாறுகிறது. எத்துணை நுட்பமான காட்சி! ஆயினும் ஒன்றை நோக்குக. அப்பாட்டில் பிள்ளை இருக்கிறான். அவன் தலையில் மலரும் இருக்கிறது. தந்தையின் பயணத்தைப் பற்றி அவன் என்ன நினைத்தான் என்பது மட்டும் இல்லை. தாயின் துயரைக் காட்டும் கருவியாகவே அவன் நிற்கிறான்.

இதற்கு ஓர் இலக்கணப் பின்புலமும் உண்டு. கடல்வழிப் பயணம் மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் விதி. ஆடவன் போவான், மனைவி ஆற்றியிருப்பாள், பிள்ளை அவள் மடியில் இருக்கும். வாழ்க்கை இந்த விதியை மீறி நெடுங்காலம் ஆயிற்று. இலக்கியமோ இன்னும் அதைக் காத்து வருகிறது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) மெடானையும் பினாங்கையும் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் அரிய நாவல். அதன் நாயகன் பாண்டியன் குடும்பப் பொறுப்பில்லாத இளைஞன். கேரளத்தில் 1970களில் எஸ்.ஏ. ஜமீல் பாடிப் புகழ்பெற்ற துபாய்க் கத்துப் பாட்டு, ஊரில் தனித்திருக்கும் மனைவி கணவனுக்கு எழுதும் மடல். பென்யாமின் எழுதிய 'ஆடுஜீவிதம்' (2008) என்ற மலையாள நாவலில் நஜீப் கருவுற்ற மனைவியை விட்டுப் போகிறான். பிறக்கவிருக்கும் மகனுக்கென்று எண்ணி வைத்த பெயரைப் பாலைவனத்தில் ஓர் ஆட்டுக்குட்டிக்கு இடுகிறான். நெஞ்சை உலுக்கும் இடம் அது. ஆனால் அங்கும் பிள்ளை தொலைவிலேயே இருக்கிறது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) சிறுமி ராபியாவின் கண்வழியே பல காட்சிகளைக் காட்டுகிறது. குழந்தையின் பார்வைக்கு இடம் தந்த பெருமை அந்நாவலுக்கு உரியது. எனினும் ராபியா ஊரில் இருந்து பார்ப்பவள், பயணப்பட்டவள் அல்லள்.

இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கம் அன்று. பிரிவைப் பாடுவதில் நாம் வல்லவர்கள். பெயர்தலைப் பாடுவதில்தான் பின்தங்கியிருக்கிறோம். பிரிவின் துயரம் இருவருக்கு உரியது. பெயர்தலின் பாரம் பிள்ளைகளின் மேலும் விழுகிறது.

வரலாறு இத்தகைய கதைகளைக் குவித்து வைத்திருக்கிறது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, அங்கிருந்த இந்தியருள் 1,70,000க்கும் மேற்பட்டோர் விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் ஜோர்தானின் அம்மான் நகர் வழியே வந்தவர்கள். 1991இல் குவைத் விடுபட்டபின் மீண்டும் அங்கே சென்றோரும் பலர். சவூதி அரேபியாவில் 2017 ஜூலையில், அயல்நாட்டுத் தொழிலாளர் தம்முடன் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் நூறு நூறாக ஏறி 2020இல் அது 400 ஆயிற்று. மனைவியும் மூன்று மக்களும் உடையவர் அவ்வாண்டில் மாதம் 1,600 ரியால் செலுத்த வேண்டியிருந்தது. அதன் பொருட்டே குடும்பத்தை ஊருக்கு அனுப்பியவர்கள் உண்டு. போரோ, வரியோ, வேலை இழப்போ, எதனால் திரும்பினாலும் பிள்ளைகளின் புத்தகப்பையும் கூடவே திரும்புகிறது.

அந்தப் பையில் என்ன இருக்கிறது என்பதைக் கதை எழுதுவோர் அறிந்திருக்க வேண்டும். அங்கே இந்தியப் பள்ளியில் ஏப்ரலில் வகுப்புத் தொடங்கும், இங்கே ஜூனில். அங்கே ஆங்கிலம், இந்தி, அரபு என்று படித்த பிள்ளைக்கு வீட்டில் பேசும் தமிழ் நாவில் இருக்கும், கையெழுத்தில் இராது. இங்கோ 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் பாத்திஹா சூராவைத் தஜ்வீத் வழுவாமல் ஓதும் சிறுவன், தன் பாட்டிக்கு நான்கு வரி மடல் எழுதத் திணறுவதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். இரண்டாண்டு முயன்று அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குகிறான். தெருவில் அவனுக்கு நண்பர்கள் அமைகிறார்கள். அப்போது வாப்பா மீண்டும் கடவுச்சீட்டுகளை எடுத்துப் புதுப்பிக்கிறார். முதற் பயணத்தின்போது அவன் கைக்குழந்தை. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது அவனுக்கு நினைவு இருக்கிறது, விருப்பம் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. போகும் நாட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அவன் குடிமகன் ஆகப் போவதில்லை. ஒருநாள் மறுபடியும் பெயர வேண்டியவன். உம்மா சமையலறையில் எண்ணுகிற கணக்கு ஒன்று. வாப்பா கடன் சீட்டில் எழுதும் கணக்கு மற்றொன்று. பிள்ளையின் கணக்கை யாரும் கேட்பதில்லை. ஒரு நாவலுக்கு இதைவிட வளமான நிலம் வேறு என்ன வேண்டும்?

நம் முன்னோர் மரபில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கி.பி. 615இல் மக்காவின் கொடுமை தாளாமல் ஹபஷா நாட்டுக்குச் சென்ற முஸ்லிம்கள், குறைஷியர் மனம் மாறிவிட்டனர் என்ற வதந்தியை நம்பித் திரும்பினர். செய்தி பொய்யென்று தெரிந்ததும் மறுமுறை போனார்கள். இம்முறை போனவர்கள் எண்பதுக்கும் மேற்பட்ட ஆடவர். மகளிரும் உடன் சென்றனர். ஜஅஃபர் (ரலி), அஸ்மா (ரலி) தம்பதியரின் மூன்று மக்கள் அங்கேயே பிறந்தனர். 628இல் கைபர் வெற்றியின்போது அவர்கள் கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். கப்பலில் வந்த இவர்களுக்கு இரண்டு ஹிஜ்ரத்தின் சிறப்பு உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஹதீஸ் நூல்கள் கூறும்.

உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் இவர்கள் ஹபஷா சென்றதைப் பாடினார். ஆனால் சீறா கைபருக்கு முன்பே நின்றுவிடுகிறது. ஆகவே அவர்கள் போனது உமறுவின் காப்பியத்தில் உண்டு. பிள்ளைகளோடு திரும்பி வந்த காட்சி இல்லை. அந்தக் குறை இன்றைய கதைகளிலும் தொடர்கிறது என்பதே என் துணிபு.

அப்படித் திரும்பியவர்களுள் ஹபஷாவிலேயே பிறந்த சிறுமி ஒருத்தி இருந்தாள். உம்மு காலித் என்பது அவள் பெயர். அன்பளிப்பாக வந்த சிறு கரிய ஆடை ஒன்றை நாயகம் (ஸல்) அவர்கள் அவளை வரவழைத்துத் தம் கையால் அணிவித்தார்கள். அதன் வேலைப்பாட்டைக் காட்டி, அழகாயிருக்கிறது என்று ஹபஷியரின் சொல்லிலேயே கூறினார்கள். இதைப் புகாரி பதிவு செய்திருக்கிறது. அரபு மண்ணுக்கு வந்துவிட்டாய், இனி அரபியிலே பேசு என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் வளர்ந்த நாட்டின் சொல்லைத் தாமே எடுத்துப் பேசினார்கள்.

போவதும் இருப்பதும் அவரவர் நிலையைப் பொறுத்தது. கடன் பட்டவருக்கும் கடனற்றவருக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் முடிவுக்கு முன் பிள்ளையை அருகில் அமர்த்தி அவன் மொழியில் அவனைக் கேட்பது எவருக்கும் இயலும். நம் எழுத்தாளர்கள் எழுத வேண்டிய செலவழுங்கல் அதுவே. அகநானூற்றுத் தாய் மலரை மோந்தாள். இன்றைய கதையில் அந்த மலர் சூடிய பிள்ளை தலை நிமிர்ந்து பேசட்டும்.