கயிறு இழுத்தால் சுருதி வரும்

உடப்புக் கரையில் கரைவலை இழுக்கும்போது கயிற்றோடு பாட்டும் வரும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே குரலில் வாங்கிப் பாடுவார்கள். புத்தளம் மாவட்டத்தின் இந்த மீனவக் கிராமத்தில் அதற்கு அம்பா என்று பெயர். இழுக்கும் கைகள் ஒன்றுபடத் தாளம் வேண்டும். தாளம் நிலைக்கப் பாட்டு வேண்டும்.

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளைச் சுருதி பிடிக்கப் பழக்க இதைவிட நல்ல விளையாட்டு ஏது?

ஒரு கயிறு போதும். பிள்ளைகள் வரிசையாகப் பிடித்துக்கொள்ள, ஆசிரியை 'ஏலேலோ' என்று இரண்டே சுரத்தில் அழைக்கிறார். பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள். பிறகு அதே சுரத்தில் பதில் பாடியபடி இழுக்கிறார்கள். கத்துகிற பிள்ளைக்குப் பக்கத்துக் குரல் கேட்காது. ஒரு காதை உள்ளங்கையால் மூடி மெல்லப் பாடச் சொன்னால், தன் குரல் தனக்கே தெளிவாகக் கேட்கும். சுருதி ஏறினாலும் இறங்கினாலும் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

அடுத்து, ஒரு சிப்பியை ஒளித்துவைக்கலாம். தேடுகிற பிள்ளை நெருங்கினால் பாட்டு வலுக்கும், விலகினால் தணியும். சத்தம் மாறலாம், சுருதி மாறக்கூடாது. அதுதான் ஆட்டத்தின் விதி.

பிள்ளைகளின் இசைக்கல்வி சொந்த மண்ணின் நாட்டுப்பாடலில் தொடங்க வேண்டும் என்றார் ஹங்கேரிய இசையறிஞர் சோல்தான் கோடாய் (1882–1967). உடப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இலங்கைக் கரைகள் பலவற்றில் உழவு இயந்திரமும் வலை இழுக்க வந்தது. கை இழுக்காவிட்டால் பாட்டும் வராது. அம்பா தெரிந்த பெரியவர்களை, மாதம் ஒருமுறையேனும், பள்ளிகள் வகுப்புக்கு அழைக்க வேண்டும்.