கண் நடக்கும் பாதை

பொதுப்பாதையின் மேல் நீண்டு நிற்கும் மாடம் எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும்? ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களை ஓதியோர் இக்கேள்வியை நன்கு அறிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில், சமரச உடன்பாடு பற்றிய பாடத்தில் இது ஆராயப்படுகிறது. வழிச்செல்வோருக்கு இடர் தரும் எதனையும் ஒருவர் தம் வீட்டிலிருந்து பாதைக்கு மேலே நீட்டலாகாது. நடப்பவர் தலை குனியாமல் கடந்து செல்லவேண்டும். வணிகக் கூட்டங்கள் செல்லும் வழியாயின், ஒட்டகத்தின் முதுகில் கூண்டு இருந்து, அக்கூண்டின் மேல் கூரைக் கழிகள் நின்றாலும் அவையும் தட்டாத உயரம் வேண்டும். இதுவே அங்குக் கூறப்படுவதன் சாரம்.

ஒட்டகக் கூண்டின் கழிக்குக்கூடப் பாதையில் உரிமை வழங்கிய அந்த நுட்பம் என்னை அடிக்கடி வியக்க வைத்ததுண்டு. பாதை அதன் ஓரத்தில் வீடு கட்டியவனுக்கு உரியதன்று. அதன் வழியே செல்லும் முகமறியாத மனிதனுக்கு உரியது. அவன் எவ்வூரான், எம்மதத்தான் என்ற வினாவே அங்கு எழவில்லை.

இன்றைய பெருநகரங்களில் நம் தலையில் எதுவும் தட்டுவதில்லை. ஆனால் கண்ணில் தட்டுகிறது. திரும்பிய பக்கமெல்லாம் பலகைகள். ‘வாங்கு’ என்கிறது ஒன்று. ‘உன்னிடம் இது இல்லையே’ என்று இரங்குவதுபோல் ஏளனம் செய்கிறது மற்றொன்று. பாதையோரத்தில் அமர்வோர் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடவேண்டும் என்று பணித்த பெருமானார் (ஸல்) அவர்கள், அவ்வுரிமைகளுள் முதலாவதாகப் பார்வையைத் தாழ்த்துவதைக் குறிப்பிட்டார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருப்பதை அதனையடுத்துச் சொன்னார்கள். பார்வையைத் தாழ்த்துமாறு நம் பிள்ளைகளுக்கு நாம் ஓயாது அறிவுறுத்துகிறோம், அது சரியே. தாழ்த்திய பார்வையையும் விடாது துரத்தும்படி பலகை நாட்டுவோருக்கு உள்ள கடமையைப் பற்றி எவர் பேசுகிறார்?

பேசியவர்கள் உண்டு. அவர்கள் மார்க்க அறிஞர்கள் அல்லர், ஓவியர்கள். விளம்பரத்துக்கென ஒதுக்கப்பட்ட இடங்களைக் கைப்பற்றி, அங்கே கலையை வைத்தார்கள். மூன்று நகரங்களில் மூன்று விதமாக நிகழ்ந்த இம்முயற்சிகளை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றுள் எது வெறும் அலங்காரம், எது உண்மையில் வழிப்போக்கனுக்கு அவனது உரிமையை மீட்டுத் தந்தது என்று காண்போம்.

முதலாவது நியூயார்க். 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், ஜார்டன் சைலர் என்னும் கலைஞரின் ஏற்பாட்டில், அந்நகரின் தெருமட்டத்தில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட விளம்பரப் பலகைகள் மீது தொண்டர்கள் வெள்ளை பூசினர். அந்த வெண்மையின் மேல் ஓவியர்கள் தத்தம் படைப்புகளை வரைந்தனர். அப்பலகைகள் நகரின் உரிய அனுமதியின்றி வைக்கப்பட்டவை என்பதே அவர்களது வாதம். சட்டத்தை மீறியவன் பணம் ஈட்டுகிறான். அதே சுவரில் ஊதியமின்றி வரைபவன் மட்டும் குற்றவாளியா என்று அவர்கள் கேட்டார்கள். கைதானவர்களும் உண்டு. பல ஓவியங்கள் வெகுவிரைவில் புதிய விளம்பரங்களால் மூடப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் அவர்கள் மீண்டும் ஒருமுறை இதனைச் செய்தனர்.

இம்முயற்சியின் புகைப்படங்களைக் காணும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று. அந்நிகழ்ச்சியின் தலைசிறந்த படைப்பு எந்த ஓவியமும் அன்று. ஓவியத்துக்கு முன் பூசப்பட்ட வெள்ளையே. கூவிக்கொண்டிருந்த சுவர் திடீரென்று வாய்மூடி நின்ற அந்தச் சிறு பொழுதில், தன் காதில் இதுவரை எவ்வளவு இரைச்சல் விழுந்துகொண்டிருந்தது என்பதை வழிப்போக்கன் உணர்ந்திருப்பான். அதன்மேல் வந்த ஓவியங்களில் நல்லவையும் உண்டு. ஆனால் அவற்றுள் சில, விளம்பரத்தின் உரத்த வண்ணத்தையும் பருத்த எழுத்தையும் தாமும் மேற்கொண்டு, அதனோடு போட்டியிட்டுக் கத்தின. விளம்பரம் பண்டத்தின் பெயரைக் கூவியது. இவை ஓவியனின் பெயரைக் கூவின. கடைக்காரன் எழுந்த இடத்தில் இன்னொரு கடைக்காரன் அமர்ந்தால் சந்தையின் இரைச்சல் குறைவதில்லை.

இரண்டாவது டெஹ்ரான். இங்கே கைப்பற்றியது தெரு ஓவியரல்லர், நகராட்சியே. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில், முஹம்மது பாகிர் காலிபாஃப் மேயராக இருந்தபோது, அந்நகரின் ஏறத்தாழ 1,500 விளம்பரப் பலகைகளில் பத்து நாட்களுக்கு விளம்பரங்கள் அகற்றப்பட்டு, ஓவியங்களும் புகைப்படங்களும் வைக்கப்பட்டன. ஈரானியக் கலைஞர்களின் ஆக்கங்களோடு ரெம்பிராண்ட், மத்தீஸ், மூங்க் முதலிய மேலைநாட்டார் படைப்புகளின் நகல்களும் அவற்றுள் இருந்தன. நகரளவு பரந்ததொரு கலைக்கூடம் என்னும் பொருளில் அதற்குப் பெயரும் சூட்டினர்.

இதன் அருமையைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. டெஹ்ரானில் 1977-இல் திறக்கப்பட்ட தற்காலக் கலைக் காட்சியகத்தில் மேலைநாட்டு ஓவியங்களின் மதிப்புமிக்க தொகுதி ஒன்று உண்டு. 1979-இல் நிகழ்ந்த புரட்சிக்குப்பின் அதன் பெரும்பகுதி நெடுங்காலம் கிடங்கிலேயே இருந்தது. அத்தகைய நகரில், காட்சியகத்தின் படியே ஏறியிராத வாடகை வண்டி ஓட்டுநரும், கடைக்குச் செல்லும் தாயும், பள்ளிச் சிறுவனும் காசு கொடாமல் ஓவியம் கண்டார்கள். ஒரு முஸ்லிம் நாட்டின் தலைநகரம் உலகுக்குக் காட்டிய நல்ல முன்மாதிரி இது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

எனினும் கலை நோக்கில் சில குறைகளைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு சாண் அகலத்தில் அருகிருந்து காணத்தக்கதை, விரைவுச் சாலையில் ஓடும் வண்டியிலிருந்து காணும்படி பெரிதாக்கினால் அது ஓவியமாக நிற்பதில்லை, ஓவியத்தின் விளம்பரமாகிவிடுகிறது. பலகையின் அளவு, உயரம், ஒரு நொடியில் பறிக்கவேண்டிய பார்வை, இவை யாவும் விளம்பரக்காரன் வகுத்த விதிகள். அவ்விதிகளை அப்படியே ஏற்றுக்கொண்டு பொருளை மட்டும் மாற்றினார்கள். பதினோராம் நாள் பழைய விளம்பரங்கள் தத்தம் இடங்களுக்குத் திரும்பியதில் வியப்பென்ன? பலகை எவருக்கு உரியது என்ற வினா அங்கே எழுப்பப்படவே இல்லை. செல்வர் ஒருவர் தம் தோட்டத்தைப் பெருநாளன்று ஊராருக்குத் திறந்துவிடுவது ஈகைதான். ஆனால் மறுநாள் கதவு சாத்தப்படும். ஈகை வேறு, உரிமை வேறு.

மூன்றாவது மாட்ரிட். இப்பெயரைக் கேட்டதும் நம்மவர் நெஞ்சில் ஒரு நினைவு எழவேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவின் அமீர் முதலாம் முஹம்மது எழுப்பிய கோட்டையே மஜ்ரீத் என வழங்கி, பின்னர் மாட்ரிட் ஆயிற்று. 2011-ஆம் ஆண்டு அந்நகரில், நியூயார்க்கில் செய்ததைப் போன்ற முயற்சியொன்று நடைபெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட பேருந்து நிழற்குடைகளின் விளம்பரப் பெட்டிகளில் இருந்த தாள்கள் அகற்றப்பட்டு வேறு தாள்கள் செருகப்பட்டன. ஆனால் இம்முறை சித்திரமே இல்லை; வெறும் சொற்கள். எழுதியவர்களும் ஓவியர்கள் மட்டுமல்லர். ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், சமூகவியலார் எனப் பலதரப்பட்டோர்.

மூன்றனுள் இதனையே நான் முதன்மையாக வைப்பேன். காரணம் மூன்று. முதலாவது, விளம்பரத்தின் மொழியை அவர்கள் கைவிட்டார்கள். அழகிய முகமில்லை, மின்னும் பண்டமில்லை. படிக்க மனமிருந்தால் படிக்கலாம், இல்லையேல் கடக்கலாம் என்று அடக்கத்தோடு நிற்கும் எழுத்து. இரண்டாவது, இடத்தை அறிந்து தேர்ந்தார்கள். விரைவுச் சாலையில் பறப்பவனுக்குப் படிக்க நேரமில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவனுக்கு உண்டு. விளம்பரக்காரன் அந்த ஓய்வைத் தன் முதலாகக் கருதுகிறான். இவர்களோ அதனைக் காத்திருப்பவனுக்கே திருப்பித் தந்தார்கள். மூன்றாவது, பேசியவன் கேட்பவனைப் போன்ற மனிதன். வாங்குவோன் என்று விளிக்கப்பட்டுப் பழகியவனை, அன்று ஒரு நகரவாசி சக நகரவாசியாக விளித்தான்.

சுவரில் எழுத்தை வைத்து உள்ளத்தை உயர்த்துவது அந்த மண்ணுக்குப் புதிதன்று. தெற்கே கிரனாடாவில் உள்ள அல்ஹம்ரா மாளிகையின் சுவர்களில், வெற்றியாளன் அல்லாஹ்வையன்றி வேறெவரும் இல்லை என்னும் பொருளுடைய வாசகம் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டுள்ளது. தம் அரண்மனையில் தம் புகழைக் காட்டிலும் தம் சிறுமையை நினைவூட்டும் வாசகத்தை அந்த மன்னர்கள் அவ்வாறு நிறைத்தார்கள். உருவத்தைவிட எழுத்தைப் போற்றி வளர்த்த நம் கலை மரபின் அருமை, விளம்பர யுகத்தில்தான் நன்கு விளங்குகிறது. எழுத்து படிப்பவனின் அறிவை அழைக்கிறது. விளம்பரப் படமோ அறிவு விழிக்குமுன் ஆசையை எழுப்பிவிடுகிறது.

இங்கே நேயர்களுக்கு ஓர் ஐயம் எழலாம், எழவும் வேண்டும். பிறர் பொருளில் அவர் இசைவின்றிக் கைவைப்பது நமக்கு ஆகுமா? ஆகாது. நியூயார்க்கில் அனுமதியற்ற பலகைகள் என்று சொல்ல இடமிருந்தது. மாட்ரிட்டின் நிழற்குடைகளோ ஒப்பந்தத்தின்கீழ் நடத்தப்பட்டவை. நான் முதன்மை தந்த முயற்சியே சட்ட நோக்கில் அதிகம் இடறுவது. இதனை நான் மறைக்கவில்லை. அவர்கள் கையாண்ட வழியை நம் இளைஞர்களுக்கு நான் பரிந்துரைக்கவும் மாட்டேன். ஆனால் அவர்கள் எழுப்பிய வினா நியாயமானது. எல்லாருக்கும் பொதுவான தெருவின் பார்வையை ஒருவருக்கு விற்க நகராட்சிக்கு உரிமை கொடுத்தவர் யார்? விற்றபோது வழிப்போக்கனை எவரேனும் கேட்டார்களா? வழி தவறு என்பதற்காக வினாவையும் தள்ளிவிடுதல் அறிவுடைமை ஆகாது.

நேர்வழியில் இதற்கு விடை கண்ட நகரமும் உண்டு. பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ 2006-இல் ‘தூய நகரம்’ என்னும் சட்டத்தை இயற்றி, 2007 ஜனவரி முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளைத் தடை செய்தது. பிற்காலத்தில் பேருந்து நிழற்குடை போன்ற சில இடங்களில் மட்டும் வரம்போடு விளம்பரத்துக்கு இடம் தரப்பட்டது. விளம்பரமின்றி நகரம் பாழாகும் என்று அஞ்சினார்கள், ஆகவில்லை. ஆனால் பலகைகள் இறங்கியபோது, அவை மறைத்துக்கொண்டிருந்த ஏழைகளின் குடியிருப்புகள் சில வெளியே தெரிந்தன. எந்த ஓவியனும் வரையாத ஓவியம் அது. விளம்பரம் நம் கண்ணில் எதைக் காட்டுகிறது என்பதோடு எதைக் காணவிடாமல் செய்கிறது என்பதையும் அந்நகர மக்கள் அன்று அறிந்தார்கள்.

இறுதியாக, நம்மைப் பற்றியும் ஒரு சொல். அயல்நாட்டுப் பலகைகளை அளந்த கோலால் நம் சுவரொட்டிகளையும் அளப்பதே நேர்மை. மீலாது விழாவுக்கும், சன்மார்க்கக் கூட்டத்துக்கும் பிறர் வீட்டுச் சுவரில் கேளாமல் பசை தடவுகிறோமே, அது எந்த உரிமையில்? பாதைக்கு உரிமை உண்டென்று கற்பித்த பெருமானாரின் பிறந்தநாளை, பாதையின் மேல் தலைகளும் பெயர்களும் நிறைந்த பதாகை கட்டியா அறிவிப்பது? அந்தப் பதாகையில் பெருமானாரின் பெயரைவிடப் புரவலரின் பெயர் பெரிதாக இருப்பதை எத்தனை முறை கண்டிருக்கிறோம்! விளம்பரக்காரனிடம் நாம் காணும் குற்றம் இதனின் வேறானதா?

நம் மஹல்லாக்கள் இதனை இவ்வாண்டே தொடங்கலாம். பள்ளிவாசலின் வெளிச்சுவரையும் வக்ஃபுக் கட்டடங்களின் முகப்பையும் ஒருமுறை வெள்ளையடித்து, வெறுமையாக விட்டுப் பார்க்கட்டும். எழுதியே ஆகவேண்டுமென்றால், நம் பிள்ளைகளுள் கையெழுத்து அழகாய் அமைந்த ஒருவரைக் கொண்டு ஒரே ஒரு நல்ல சொல்லை எழுதுவிக்கட்டும். அதன் அடியில் எவர் பெயரும் வேண்டா.

கூண்டு சுமந்த ஒட்டகம் தட்டாமல் செல்லவேண்டும் என்று கவலைப்பட்டவர்களின் வழிவந்தோர் நாம். நம் தெருவில் செல்லும் ஒரு சிறுவனின் கண்ணும் எதிலும் தட்டாமல் வீடு போய்ச் சேரட்டும்.