கடமையும் எல்லையும்: 'ஜேர்மன் பாடம்' நாவல் பற்றிச் சில குறிப்புகள்

வகுப்பில் ஒரு பிள்ளை வெறும் கொப்பியை நீட்டினால் எங்களுக்குக் கோபம்தான் வரும். ஸீக்ஃபிரீட் லென்ஸ் 1968இல் வெளியிட்ட 'ஜேர்மன் பாடம்' நாவல் அப்படியொரு வெறும் கொப்பியோடு தொடங்குகிறது. சீர்திருத்த இல்லத்தில் இருக்கும் ஸிக்கி என்ற பொடியனுக்கு 'கடமையின் மகிழ்ச்சிகள்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கிறார்கள். அவன் ஒன்றும் எழுதவில்லை. சொல்ல இருப்பது அவ்வளவு அதிகம். தண்டனையாகத் தனியறையில் பூட்டிய பிறகு எழுதுகிறான், அதுதான் நாவல்.

அவனது தகப்பன் ஜேர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லைப் பக்கத்துப் பொலிஸ்காரர். பழைய கூட்டாளியான ஓர் ஓவியர் இனி வரையக்கூடாது என்ற நாஸி அரசின் தடையைக் காவல் காப்பது அவர் கடமை. யுத்தம் முடிந்து தடை இல்லாமல் போன பின்னும் அவர் ஓவியங்களைத் தேடித் தேடி அழிக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, கடமை வெறியாகிப் போவதை லென்ஸ் சத்தமில்லாமல் காட்டிவிடுகிறார்.

ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டாம் முறை வாசித்தபோது எனக்கு ஒரு குறை பட்டது. அந்த ஓவியருக்கு மாதிரியாக இருந்தவர் எமில் நோல்டே. அவர் பிறந்த ஷ்லெஸ்விக் பகுதியை 1864 யுத்தத்தில் டென்மார்க் இழந்தது. 1920இல் மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். வடக்கு வலயத்தில் நூற்றுக்கு 75 பேரளவில் டென்மார்க்கையும், அதற்குத் தெற்கே நூற்றுக்கு 80 பேரளவில் ஜேர்மனியையும் தெரிவு செய்தார்கள். எல்லைக்கோடு இடையில் விழுந்தது. நோல்டேயின் ஊர் டென்மார்க்குக்குப் போனது. மனதால் ஜேர்மனியரான அவர் டென்மார்க் பிரஜையானார்.

1934இல் எல்லைக்கு வடக்கே வாழ்ந்த ஜேர்மன் சிறுபான்மையினரின் நாஸி அமைப்பில் அவர் சேர்ந்தார். யூதர் மீதான வெறுப்பையும் மறைக்கவில்லை. அதே ஆட்சிதான் 1937இல் அவரது ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளைப் பறித்தது. 1941இல் தொழில் செய்யத் தடையும் போட்டது. யுத்தத்தின் பின் பலரும் அவரைப் பாதிக்கப்பட்டவராகவே பார்த்தார்கள். மறுபாதி கதையை 2019இல் பேர்லினில் நடந்த கண்காட்சி எல்லோர் முன்னும் வைத்தது.

நாவலாசிரியர் வரலாறு எழுதவில்லை, சரிதான். ஆனாலும் குற்றம் முழுவதும் பொலிஸ்காரர் பக்கமும் மனச்சாட்சி முழுவதும் ஓவியர் பக்கமும் போய்விட்டன. எல்லை நாவலில் காற்றாக, கடலணையாக, சேற்று நிலமாக வருகிறது. நோல்டே போன்றவர்களை அந்த அமைப்புக்குள் தள்ளிய கேள்வியாக வரவில்லை. ஜேர்மன் பள்ளிக்கூடங்களில் பல தலைமுறை படித்த நாவல் என்பதால் இதைச் சின்னக் குறை என்று விடமுடியவில்லை.

1955இல் இரு அரசுகளும் தனித்தனியே பிரகடனம் செய்தன: தான் எந்த இனத்தவன் என்பதை ஒருவன் தானே சொல்லலாம், அதிகாரிகள் அதைச் சோதிக்கக்கூடாது. இன்று அந்த எல்லையில் இருபக்கச் சிறுபான்மையினரும் தத்தம் மொழியில் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். ஆனால் நோல்டேயின் கதை அதோடு தீரவில்லை. தானும் சிறுபான்மையாக இருந்துகொண்டே இன்னொரு சிறுபான்மையை வெறுத்தவர் அவர். சிறுபான்மையாக வாழும் எங்களுக்கு, நாவல் எழுதாமல் விட்ட அந்தப் பக்கம்தான் முக்கியமான பாடமாகப் படுகிறது.