50 பார் விதி: ஸ்கூபா முக்குளிப்பில் சேமிப்புக் காற்று பற்றிய ஒரு விமர்சனம்

பொழுதுபோக்கு ஸ்கூபா முக்குளிப்பில் ஆபத்து நேரத்துக்கென்று சிலிண்டரில் ஒதுக்கி வைக்கும் காற்றைச் சேமிப்புக் காற்று என்கிறோம். அதன் அளவு பற்றிப் புதியவர்களுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே எண்தான்: 50 பார். சுமார் 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய சிலிண்டரோடு இறங்கு, 50 பார் மிச்சம் இருக்கும்படி திரும்பு. கோவளம், புதுச்சேரி, அந்தமான் என்று எங்கு முக்குளிக்கப் போனாலும் இந்த எண் காதில் விழும்.

எளிமையான விதிதான். ஆனால் சேமிப்புக் காற்று யாருக்காக, எந்த ஆழத்திலிருந்து, எதற்காக என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை. அந்தக் குறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரிசர்வ் என்ற எண்ணம் வந்த வழி

பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்குப் பெட்ரோல் டேங்கின் அடியில் இருக்கும் குமிழ் நினைவிருக்கும். வண்டி திணறினால் குமிழை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும். அதன்பின் கொஞ்ச தூரம் ஓடும். அடுத்த பங்க் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறதா, நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறதா என்பது அந்தக் குமிழுக்குத் தெரியாது.

ஸ்கூபாவிலும் இதே அமைப்பு இருந்தது. ஜாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் 1943இல் அக்வாலங் கருவியை உருவாக்கிய பிறகு பல ஆண்டுகள் வரை, சிலிண்டரில் மிச்சமுள்ள அழுத்தத்தைக் காட்டும் மானி எல்லோரிடமும் இல்லை. அதற்குப் பதிலாக 'ஜே வால்வு' என்ற அடைப்பான் இருந்தது. அழுத்தம் குறைந்ததும் மூச்சு இழுக்கச் சிரமமாகும். உடனே ஒரு கம்பியைக் கீழே இழுத்தால் மீதிக் காற்று திறக்கும். அந்தக் கம்பி எதிலாவது தட்டி முன்பே இறங்கியிருந்தால், ரிசர்வ் தனக்குத் தெரியாமலே தீர்ந்திருப்பதை முக்குளிப்பவர் கடைசி மூச்சில்தான் அறிவார்.

அழுத்தமானி வந்த பிறகு ஜே வால்வு வழக்கொழிந்தது. ஆனால் அதன் பின்னிருந்த எண்ணம் ஒழியவில்லை. ஆழம் எதுவானாலும் மாறாத ஒரே அளவு என்ற அந்த எண்ணம், மானியில் 50க்குக் கீழே சிவப்பு வண்ணமாகத் தங்கிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

சுற்றுலாத் தளங்களில் பரவலாக உள்ள அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். அதில் 50 பார் என்றால் சுமார் 555 லிட்டர் காற்று.

நிதானமாக நீந்துபவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் காற்றைச் செலவழிப்பார். பதற்றத்தில் அது 30 லிட்டரையோ அதற்கு மேலேயோ எட்டும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சூழழுத்தம் 1 பார் கூடுவதால், 30 மீட்டரில் இதே மூச்சுக்கு நான்கு மடங்கு காற்று வேண்டும்.

இப்போது ஒருவருடைய காற்று முற்றிலும் நின்றுவிட்டது என்று கொள்வோம். இருவரும் ஒரே சிலிண்டரிலிருந்து மூச்சு வாங்கி மேலே வரவேண்டும். நிலைமையைச் சமாளிக்க அடியிலேயே 1 நிமிடம் போகிறது. மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 10 மீட்டர். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம். ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வைத்தால் தேவை இப்படி வரும்:

- 10 மீட்டரிலிருந்து: 480 லிட்டர், அதாவது சுமார் 43 பார்.
- 18 மீட்டரிலிருந்து: சுமார் 643 லிட்டர், அதாவது 58 பார்.
- 30 மீட்டரிலிருந்து: 960 லிட்டர், அதாவது சுமார் 87 பார்.

10 மீட்டரில் 50 பார் போதும். 18 மீட்டரில் கொஞ்சம் போதாது. 30 மீட்டரில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் பாதுகாப்பு நிறுத்தத்தைக் கைவிடலாம் என்பது உண்மைதான். அதைக் கைவிட்டாலும் 30 மீட்டரிலிருந்து இருவர் மேலே வர 690 லிட்டர், சுமார் 62 பார், வேண்டும். அப்போதும் 50 பார் எட்டாது.

விதியின் சொற்களில் உள்ள குழப்பம்

'50 பாருடன் திரும்பு' என்பதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். மானி 50ஐக் காட்டும்போது மேலேறத் தொடங்கு என்பது ஒன்று. படகில் ஏறும்போது 50 மிச்சம் இருக்கட்டும் என்பது மற்றொன்று.

இரண்டாவது பொருளில் 30 மீட்டரில் இருப்பவர் ஏறக்குறைய 72 பாரிலேயே புறப்பட வேண்டும். நிதானமாக மூச்சு விட்டாலும் அவர் ஒருவர் மேலேறி, நிறுத்தத்தையும் முடிக்க 22 பார் செலவாகும் என்பதே காரணம். இந்த 72 பார், இருவருக்குத் தேவையான 87 பாரை ஓரளவு நெருங்குகிறது. ஆகவே விதியை வகுத்தவர்களைக் குறை சொல்வதைவிட, அது வாய்மொழியாகச் சுருங்கிய விதத்தைக் குறை சொல்வதே நியாயம். படகில் இரண்டு நிமிட விளக்கத்தில் கேட்கும் புதியவர் முதல் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார். மானியின் சிவப்புப் பகுதியும் அதையே சொல்கிறது.

விதி பாரில் சொல்லப்படுவதும் ஒரு குறை. நுரையீரலுக்கு வேண்டியது லிட்டர். 15 லிட்டர் சிலிண்டரில் 50 பார் என்பது 750 லிட்டர். 10 லிட்டர் சிலிண்டரில் அதே 50 பார் 500 லிட்டர்தான்.

விதியை ஆதரிப்போர் சொல்வது

மூன்று வாதங்கள் உண்டு. முதலாவது, புதியவர்கள் பெரும்பாலும் 12 மீட்டருக்குள் வழிகாட்டியோடுதான் இறங்குகிறார்கள் என்பது. அந்த ஆழத்துக்கு 50 பார் ஏறக்குறையப் பொருந்துகிறது என்பதை மேலுள்ள கணக்கே காட்டுகிறது. ஆனால் அதே மனிதர் அடுத்த பயிற்சியில் 30 மீட்டருக்குப் போகிறார். ஆழம் மாறும்போது எண்ணும் மாறவேண்டும் என்று சொல்லித்தரப்படாவிட்டால் பழைய எண்ணையே கீழே கொண்டு போவார்.

இரண்டாவது, ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் இருக்கும், அங்கே யாரால் கணக்குப் போட முடியும் என்பது. அங்கே போடவே வேண்டாம். படகிலேயே கணக்கிட்டு, வந்த எண்ணைப் பலகையில் எழுதிக்கொண்டால் நீருக்கடியில் மானியைப் பார்ப்பது மட்டுமே வேலை.

மூன்றாவது, வெளிப்படையாகச் சொல்லப்படாத வாதம்: நேரம் குறையும், பணம் கொடுத்து வந்தவர் முகம் சுளிப்பார். எவ்வளவு குறையும்? 30 மீட்டரில் நிதானமாக மூச்சு விடுபவர் நிமிடத்துக்கு 80 லிட்டர் செலவழிப்பார். புறப்படும் அளவை 50 பாரிலிருந்து 90 பாருக்கு உயர்த்தினால் அவர் இழப்பது ஐந்தரை நிமிடம். ஒரு கூட்டாளியின் உயிருக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய விலை அவ்வளவுதான்.

விலையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். டெனோபிள் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு 947 பொழுதுபோக்கு முக்குளிப்பு மரணங்களை எடுத்துக்கொண்டது. விபத்தைத் தொடங்கி வைத்த காரணம் அறியப்பட்டவற்றில் 41 சதவீதம் காற்றுப் பற்றாக்குறை. கருவிக் கோளாறு 15 சதவீதம் மட்டுமே.

குகை முக்குளிப்பிலிருந்து வந்த 'மூன்றில் ஒரு பங்கு' விதியும் இதற்கு முழு மாற்று அல்ல. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்பது குகைக்கு வகுத்தது. திறந்த கடலில் வெளியேறும் வாசல் தலைக்கு மேலே இருக்கிறது. 200 பாரில் மூன்றில் ஒரு பங்கு 67 பார். 30 மீட்டரில் நங்கூரக் கயிற்றுக்கு அந்த அளவோடு வந்து சேர்பவருக்கு அதுவும் போதாது.

நம் கரையிலிருந்து

பொன்னேரி வட்டத்தில் திருப்பாலைவனத்தை அடுத்துள்ள பழவேற்காடு ஏரி ஆழம் குறைந்தது. பல இடங்களில் இறங்கி நடந்தே இறால் பிடிப்பார்கள். அங்கே ஸ்கூபாவுக்கு வேலையில்லை. ஆனால் திரும்பி வருவதற்கான மிச்சம் என்ன என்ற கேள்வி அந்த ஊர்களுக்குப் புதிதல்ல. ஏரியையும் கடலையும் இணைக்கும் முகத்துவாரம் மணல் மூடி ஆழம் குறைந்துகொண்டே இருக்கும். அதைக் கடந்து கடலுக்குப் போகும் படகுக்கு வேண்டிய எரிபொருள் தினமும் ஒரே அளவாக இருக்க முடியாது. தூரம், காற்று, நீரோட்டம், முகத்துவாரத்தின் நிலை எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கும்.

அதே பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கடலை அறியாத பயணி எதைக் கேட்டுவிட்டு ஏறவேண்டும் என்பதையும் அறியமாட்டார். பாதுகாப்பின் அளவு முழுவதும் அழைத்துச் செல்பவர் கையில் இருக்கிறது. முதன்முறை ஸ்கூபாவுக்கு இறங்குபவர் நிலையும் இதுதான். பல வேளை மானியைப் பார்ப்பவரும் வழிகாட்டிதான்.

மன்னார் வளைகுடாவின் பழைய முத்துக்குளிப்பில் ஒருவர் மூழ்கும்போது இன்னொருவர் படகில் ஓய்ந்திருப்பார். கயிற்றைப் பிடித்தவர் குளிப்பவரின் அசைவுக்காகக் காத்திருப்பார். சிலிண்டர் இல்லாத அந்தத் தொழிலில் சேமிப்பு என்பது மேலே நின்ற மனிதர்களே. இன்று கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கிச் சங்கு எடுப்பவருக்கு, இயந்திரம் நின்றால் முதுகில் மாற்றுக் காற்று கிடையாது. ஸ்கூபா முக்குளிப்பவருக்கு அந்த வசதி உண்டு. அதை எவ்வளவு என்று எண்ணி வைக்கும் பொறுப்பும் அதனால் அவருக்கு உண்டு.

மதிப்பீடு

50 பார் விதி தவறானதல்ல. ஆழம் குறைந்த நீரில் ஒருவர் தனக்காக வைத்துக்கொள்ளும் அளவு அது. அதை எல்லா ஆழத்துக்கும் பொதுவாக்கியதும், சேமிப்பைத் தன் காற்றாக எண்ண வைத்ததும்தான் குறை. ஜோடியாக இறங்கும் முக்குளிப்பில் அந்தக் கடைசிக் காற்று கூட்டாளிக்கும் உரியது. பயிற்சி தருபவர்கள் எண்ணைக் கைவிட வேண்டியதில்லை. அது எப்படி வந்தது என்பதைத் தமிழில் ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டினால் போதும்.

இறங்கப் போகும் மாணவர் படகில் கேட்க வேண்டியவை மூன்று. இன்று எவ்வளவு ஆழம்? இந்தச் சிலிண்டர் எத்தனை லிட்டர்? அந்த ஆழத்திலிருந்து இருவர் மேலே வர எத்தனை பார் வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு, முதல் இரண்டையும் பாராமலே '50' என்று பதில் வந்தால், மறுபடி கணக்குப் போடச் சொல்லலாம்.