பெயரின் தலை எங்கே இருக்கிறது?

டேனிஷ் மொழியில் சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் ஒட்டிக்கொண்டே போகலாம். வேலை என்பது ‘அர்பைட’, இடம் என்பது ‘ப்ளாஸ்’, பணியிடம் ‘அர்பைட்ஸ்ப்ளாஸ்’. முதற்சொல்லின் கடைசி உயிர் போய், நடுவில் ஒரு ‘ஸ்’ வந்து உட்காருகிறது. அதற்குத் தனியாகப் பொருள் கிடையாது. பிணைப்பதுதான் அதன் வேலை. இதைப் பார்த்து மிரள்கிறவர்கள் ஒரகடம் பக்கத்து ஊர்ப்பலகைகளை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

இருங்காட்டுக்கோட்டை. அசை பிரித்தால் இருங்/காட்/டுக்/கோட்/டை. சொல் பிரித்தால் இரும், காடு, கோட்டை. ம் ஙகரமாகிவிட்டது, காடு ‘காட்டு’ ஆகிவிட்டது, க் புதுசாக வந்திருக்கு. காட்டின் வாலும் அந்த ஒட்டுப்போட்ட க்-கும் ‘டுக்’ என்ற ஒரே அசைக்குள். ஸ்ரீபெரும்புதூர் இன்னும் சிக்கல். புது, ஊர் இரண்டும் சேருகிற இடம் ‘தூ’ என்ற ஒற்றை எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது. டேனிஷில் தையல் இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் இருக்கும். இங்கே எழுத்துக்கு உள்ளேயே இருக்கு. பிரிக்கணும்னா திரும்ப எழுதித்தான் ஆகணும்.

ஆனால் இரண்டு மொழிக்கும் ஒரு விஷயம் பொது. தொகைச்சொல்லின் தலை கடைசியில் இருக்கும். வாழைத்தோட்டம் என்பது தோட்டம்தான், வாழை அல்ல.

இதை வைத்து ஒரு பெயரைப் படிப்போம். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. முக்கியக் கோரிக்கை, சங்கத்துக்கு அங்கீகாரம். ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’ என்பதில் தன் பெயர் இருப்பதை நிறுவனம் எதிர்த்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

சட்டம் என்ன சொல்லும் என்பது வேறு பேச்சு. இலக்கணம் சொல்வது நேரானது. தலைச்சொல் சங்கம். யாருடைய சங்கம்? தொழிலாளருடையது. எங்கே வேலை பார்க்கிற தொழிலாளர்? சாம்சங் இந்தியாவில். கடைசியிலிருந்து பிரித்துக்கொண்டு வந்தால் நிறுவனம் இதில் ஒரு முகவரி மட்டுமே. முதல் சொல்லோடு நின்றுவிடுகிறவருக்குத்தான் பெயர் முழுசும் கம்பெனியோட சொத்து மாதிரி தெரியும்.

இன்னொன்றும் உண்டு. தொழில் + சங்கம் சேர்ந்தால் ல் றகரமாகித் தொழிற்சங்கம். தொழிலாளர் + சங்கம் சேரும்போது ஒன்றும் மாறுவதில்லை. உயர்திணைப் பெயரின் ஈற்றுமெய், வல்லினம் வந்தாலும் இயல்பாக நிற்கும் என்பது நன்னூல் விதி. ஆட்களைக் குறிக்கிற சொல்லை வரப்போகும் சொல் அசைப்பதில்லை.

அதை அசைத்தது நம்முடைய செய்தி மொழி. ‘சாம்சங் விவகாரம்’, ‘சாம்சங் பிரச்சினை’ என்றே எழுதினோம், பேசினோம். முதல் சொல் பத்திரமாக இருக்கு. தலை மாறிப்போச்சு. நடுவிலிருந்த தொழிலாளரைக் காணோம். தலைப்பில் இடம் பத்தாது என்பார்கள். நான்கு சொல்லில் ஒன்றை விட வேண்டிவந்தால் எதை விடுகிறோம் என்பதில்தான் மொழியின் அரசியல் இருக்கிறது.