இணைய நூலகத்து அட்டவணையும் தமிழ் நெறியும்

நூலியற்றுவோரைப் போற்றும் உலகம் நூற்பட்டியல் வகுப்போரை நினைப்பது அரிது. ஆயினும், பட்டியலில்லா நூலகம் பொருள் நிறைந்த இருட்டறையே. 1865 ஆம் ஆண்டில் மர்டொக் பாதிரியார் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சுநூற் பட்டியல், தான் கூறும் நூல்கள் பல கிடைத்தற்கரியவாகிய இக்காலத்தும், அவை இருந்தமைக்குச் சான்று பகர்கின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இழந்தது யாதெனக் கூறுதற்கும் பட்டியலே வேண்டும்.

2005 இல் தோன்றிய 'நூலகம்' என்னும் ஈழத்து இணைய நூலகம், ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், வகை, மொழி, வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம் ஆகியன காட்டும் அட்டவணை வகுத்துள்ளது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் சேய்மையிலுள்ள நாவுல மாணவனுக்கு இவ்வட்டவணையே நூலகத்தின் வாயில். அச்சிட்ட பட்டியலிற் புகுந்த பிழை மறுபதிப்பு வரை நிலைக்கும். விக்கி முறையிலமைந்த இதிலோ உடன் திருத்தலாம், பழைய வடிவமும் அழியாதிருக்கும். இது பெருஞ் சிறப்பாம்.

எனினும், இத்தகைய அட்டவணை வகுப்போர் ஓர்தற்குரியன மூன்று.

முதலாவது, பெயர். 'கா. சிவத்தம்பி' என்றெழுதின் பொறி அவரைக் ககரத்தில் வைக்கும்; 'சிவத்தம்பி, கா.' என்றெழுதின் சகரத்தில் வைக்கும். இருவகையும் கலப்பின் ஓராசிரியர் இருவராவர்.

இரண்டாவது, அகரவரிசை. நம் அகராதிகளில் 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் நிற்கும். எழுத்தின் குறியீட்டெண்ணை மட்டுமே நோக்கும் பொறியோ, புள்ளியை உயிர்க்குறிகளுக்கும் பிற்பட எண்ணி, இவ்வரிசையைத் தலைகீழாக்கும்.

மூன்றாவது, ஆண்டு. பழைய நூல்கள் சில 'பிரபவ' என்றாற்போல் வருடப் பெயர் மட்டுமே தாங்குவன. 1867, 1927, 1987 ஆகிய மூன்றும் பிரபவ வருடந் தொடங்கிய ஆண்டுகளே. ஆராயாது ஒன்றை இடுவதினும், நூலிலுள்ளவாறே பொறித்து, கட்டத்தை ஐயக்குறியுடன் விடுதல் நேர்மை.

அட்டவணையைக் கோடும் கட்டமும் என்று கருதுதல் தவறு. பிழைபட்ட கட்டத்துள் வீழ்ந்த நூல் பேழையில் இருந்தும் இல்லாததே. ஆதலின் இப்பணியைப் பொறி கற்றோரிடம் மட்டும் விடாது, தமிழ் கற்ற ஆசிரியரும் மாணவரும் உடனின்று செய்தல் கடனாம்.